காலி வீட்டுச் சான்றிதழ்

எங்க ஊர்ல சாமான் கச்சேரின்னு ஒண்ணு இருந்துச்சு. அது நாங்க வெச்ச பேரு. போர்டுல 'அயல்நாடு செல்வோர் இல்ல உடைமைகள் சரிபார்ப்புக் காரியாலயம்'னு எழுதியிருக்கும். எழுத்து போர்டுல அடங்காம கடைசித் துண்டு செவுத்துல ஏறி நிக்கும். அந்தக் கச்சேரியப் பத்தி நான் குத்தம் சொல்லப் போறதில்ல. வாடகை சைக்கிள் கடை வெச்சுப் பொழைக்கிறவன் நான், எனக்கெதுக்கு வம்பு. நடந்தத நடந்த மாதிரி சொல்றேன், அவ்வளவுதான்.

பிரெஞ்சுக்காரன் கொடிய எறக்கிட்டுப் போயி அஞ்சாறு வருஷம் ஆயிருந்த சமயம் அது. போனான்னா முழுசாவும் போகல. கையெழுத்து இன்னும் பாக்கி இருக்குதுன்னு பேசிக்கிட்டாங்க. ஆளுறது டில்லி, சட்டப்படி சொந்தக்காரன் பாரிசு. இப்படி நடுவுல தொங்குற ஊர்ல கச்சேரி மொளைக்கிறதுக்குக் கேக்கணுமா? குடும்பத்தோட பிரான்சுக்குக் கெளம்புற சனம் மாசாமாசம் இருந்துச்சு. வீட்டுச் சாமான்னு சொல்லி வியாபாரச் சரக்கக் கடத்திடுவாங்களோன்னு யாரோ ஒரு புண்ணியவானுக்குச் சந்தேகம் வந்துச்சு. அந்தச் சந்தேகத்துக்கு ஒரு கட்டடம் புடிச்சு, ஆள் போட்டு, சம்பளமும் குடுத்தாங்க.

எங்க அக்கா செல்வாம்பாளுக்குக் கருவடிக்குப்பத்துல வீடு. எங்கப்பா அவ கல்யாணத்துக்கு எழுதி வெச்சது. அவ புருஷன் கலியமூர்த்தி மாமா மில்லுல தறி ஓட்டி ஓஞ்சவரு. அதிர்ந்து பேசத் தெரியாது. ஒரே புள்ள கிருஷ்ணசாமி. பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா, அதான் சிப்பாயாச் சேந்து அல்ஜீரியா சண்டைக்குப் போனான். அங்க ரோட்டுல பொதச்சு வெச்சிருந்த குண்டு வெடிச்சு ரெண்டு கண்ணும் போச்சு.

அந்தச் சேதியக் கொண்டாந்தவன் சுப்ரமணி. கிருஷ்ணசாமியோட பட்டாளத்துல இருந்தவன், லீவுல ஊருக்கு வந்திருந்தான். அக்கா வீட்டுக் கூடத்துல உக்காந்து, குடுத்த காப்பியக் கையில வெச்சுக்கிட்டே சொன்னான். "பிரான்சுல மர்சேய் பட்டணத்து ஆஸ்பத்திரியில இருக்கிறான்மா. சர்க்காரு தரையோட இருக்கிற வீடா ரெண்டு அறை குடுத்திருக்குது. ஆனா அங்க போகமாட்டேங்கிறான். எந்தப் பக்கம் திரும்புனாலும் இடிச்சுக்கிறான். எங்க வீடா இருந்தா கண்ண மூடிக்கிட்டே நடப்பேன்னு சொல்லிச் சொல்லி அழுவுறான்."

அக்கா ஒப்பாரி வெப்பாளோன்னு நான் பயந்தேன். அவ அழுவல. கூடத்தச் சுத்தி ஒரு பார்வ பாத்தா. ஓரமாக் கெடந்த தேக்குக் கட்டில், கட்டில விட்டு எறங்குனா கைக்கு எட்டுற மரப்பீரோ, பீரோவுக்கு அடுத்து ஈசிச்சேர், அப்புறம் தண்ணிக் குடம் வெக்கிற முக்காலி, அந்தாண்ட அடுப்படி. எல்லாத்தையும் பாத்துட்டு மாமாகிட்ட சொன்னா. "அப்ப வீட்டத் தூக்கிக்கிட்டுப் போயிடலாங்க. அதே கட்டில், அதே பீரோ, அதே வரிசையில போட்டுட்டா புள்ள தடவித் தடவியே வீட்டுக்கு வந்துடுவான். சோறு ஊட்ட நான் இருக்கேன்."

மாமா சரின்னு தலையாட்டுனாரு. வீட்ட விக்கப் பேசினாங்க, வாங்க ஒரு குடும்பமும் கெடச்சுது. அடுத்த கப்பல்ல அக்காவும் சாமானும் புள்ளகிட்டப் போயிச் சேரணும். வேற ஒரு ஆச அவளுக்கு அப்ப கெடையாது. அதுக்குச் சாமான் கச்சேரியில சீட்டு வாங்கணும்னாங்க. வீடு அக்கா பேர்ல இருந்ததால மனுவும் அக்கா பேர்ல போட்டோம். மூணு பேரும் போனோம்.

உள்ள நொழைஞ்சதும் மாமா கொழம்பிட்டாரு. "டேய், இது கச்சேரியா, கல்யாண வீடாடா?"ன்னு என் காதுல கேட்டாரு. அவரு கேட்டதுல தப்பில்ல. அந்தக் கச்சேரியில ஒரு நாற்காலி மாதிரி இன்னொரு நாற்காலி இல்ல. ஒரு குமாஸ்தா பிரம்பு நாற்காலியில, ஒருத்தர் பூ செதுக்கின முக்காலியில, இன்னொருத்தர் சங்கிலி போட்டுத் தொங்கவிட்ட ஊஞ்சப் பலகையில உக்காந்து ஆடிக்கிட்டே எழுதுறாரு. கட்டுக் கட்டாக் காகிதம் ஒரு மரத் தொட்டில்ல கெடக்குது. தண்ணிப் பானைக்குக் கீழ யாரு வீட்டுதோ பூசைப் பலகை. நீட்டாப் போட்ட மேசையில 'அஞ்சலாட்சி திருமணப் பரிசு'ன்னு செதுக்கியிருந்துச்சு.

எங்க மனுவ வாங்கினவரு குமாஸ்தா மாரியப்பன். நல்ல மனுசன், சிரிச்ச மொகம். "நிரந்தரமாவா, தற்காலிகமாவா?"ன்னு கேட்டாரு.

மாமா முழிச்சாரு. "புள்ளைக்கிப் பார்வ போச்சுங்க. அவன்கிட்டப் போறோம்."

"அது சரி. நிரந்தரமாப் போனாத்தான் வீட்டுச் சாமான் கூடப் போகலாம். தற்காலிகம்னா ஒரு பொட்டி, ஒரு படுக்கை, அவ்வளவுதான்."

"நிரந்தரம்"னா அக்கா.

"அப்ப மொதல்ல சாமான இங்க கொண்டாந்து எறக்கணும். உபயோகப்படுத்தின சாமானான்னு நாங்க சோதிக்கணும். அப்புறம் வீடு காலியா இருக்குதுன்னு ஒரு சான்றிதழ். ரெண்டும் ஆயிட்டா நாங்களே பொட்டி கட்டிக் கப்பலேத்திடுவோம். உங்களுக்கு ஒரு சிரமமும் இல்ல."

மாட்டு வண்டி புடிச்சுச் சாமானெல்லாம் கொண்டு போனோம். அக்கா கட்டிலுக்குப் பழைய பொடவையச் சுத்தினா. ஈசிச்சேர் கைப்புடிக்குச் சாக்கு கட்டினா. பீரோ கதவுல ஒரு கீறல் இருக்கும், கிருஷ்ணசாமி சின்னப் புள்ளையில ஆணியால போட்டது. அந்தக் கீறல் மேல ஒண்ணும் படாம வைக்கோல் வெச்சு அடைச்சா. "அவன் கை மொதல்ல அங்கதான் போவும்"னா.

மறு வாரம் போயிப் பாத்தா, அந்த ஈசிச்சேர்ல மேலதிகாரி சாஞ்சு கெடக்குறாரு. பருமனான ஆளு. செந்தமிழ்லதான் பேசுவாரு, தூக்கத்துலகூட அப்படித்தான்னு பியூன் சொன்னான். எங்களப் பாத்ததும் எழுந்திருக்கல. எழுந்திருக்க முடியாததுக்கு அவரே காரணம் சொன்னாரு.

"இந்த நாற்காலி எனக்குப் பிடித்திருக்கிறதா என்பது கேள்வி அல்ல. இது உபயோகத்தில் இருந்த நாற்காலியா என்பதே கேள்வி. உட்காராமல் அதை எப்படிச் சொல்வது? தூர நின்று பார்த்து எழுதிவிடலாம். ஆனால் அது அரசாங்கத்தை ஏமாற்றுவதாகும். இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் நான் அரசாங்கத்தை ஏமாற்றியதில்லை. ஆகவே உட்கார்ந்திருக்கிறேன்."

"எத்தன நாளைக்கிங்க உக்காருவீங்க?"ன்னு அக்கா கேட்டா.

"தங்கள் குடும்பம் எத்தனை வருடம் உட்கார்ந்ததோ, அதை நாங்கள் சில மாதங்களில் சரிபார்த்துவிடுகிறோம். இதைவிட வேகமான காரியாலயம் வேறு இருக்கிறதா, சொல்லுங்கள்."

வெளிய வந்து மாரியப்பன்கிட்ட தனியாக் கேட்டேன். அவரு மறைக்கல. கச்சேரி தொறந்தப்ப மேசை நாற்காலி வேணும்னு மேல எழுதிப் போட்டாங்களாம். சாமான் கச்சேரிக்கு எதுக்குத் தனியாச் சாமான்னு மேல கேட்டாங்களாம். அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் எழுதிக்கிட்டிருக்காங்களாம். "அதுவரைக்கும் சோதனைக்கு வர்ற சாமான்லதான் பொழப்பு ஓடுது. ஒரே சமயத்துல எல்லாத்தையும் அனுப்பிட்டா நாங்க தரையில உக்கார வேண்டியதுதான்"னாரு. எங்க அக்கா காப்பி பில்டர் அங்கதான் ஜன்னல்ல இருந்துச்சு. அதுக்குத் தெனமும் ரெண்டு வேளை சோதன நடந்துக்கிட்டிருந்துச்சு.

ஒரு கப்பல் போயிடுச்சு. அடுத்த மாசக் கப்பலும் வந்து தூரத்துல நின்னு, சலங்குப் படகுல வந்தவங்களயும் சரக்கயும் ஏத்திக்கிட்டுப் போயிடுச்சு. அக்கா கடற்கரையில நின்னு பாத்துட்டு வந்தா.

அப்புறம் காலி வீட்டுச் சான்றிதழுக்கு ஒரு பரிசோதகர் வந்தாரு. பேரு எனக்குத் தெரியாது. கையில டார்ச்சு லைட்டு, பட்டப்பகல்லயே அடிச்சு மூல மூலையாப் பாத்தாரு. வீட்டுல ஒண்ணும் இல்ல. பாய்கூட எங்க வீட்டுதுதான், அத மடிச்சு வெளிய வெச்சுட்டோம். ஆனா அடுப்படி மூலையில ஒரு சின்னப் பானையில அரிசி, ஒரு செரட்டையில உப்பு, பக்கத்துல அகல் விளக்கு ஒண்ணு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. பரிசோதகர் முட்டி போட்டு உக்காந்து அந்த உப்ப நக்கிப் பாத்தாரு.

"சமையலுக்கான ஏற்பாடு"ன்னாரு. "குடியிருக்கும் எண்ணம் தெளிவாகத் தெரிகிறது."

"ஐயய்யோ, அது சமைக்க இல்லீங்க"ன்னாரு மாமா. "வீட்ட விட்டுப் போறவங்க வெறும் வீடா விட்டுட்டுப் போகக் கூடாதுங்க. வர்றவங்களுக்கு ஆகாது. அரிசியும் உப்பும் விளக்கும் வெச்சுட்டுத்தான் கதவ விட்டு எறங்கணும். எங்க சனத்துல வழக்கமுங்க."

"காலி என்றால் காலி. விதியில் வழக்கத்துக்கு இடமில்லை."

நான் அக்காவ ஓரமாக் கூட்டிப்போயிச் சொன்னேன். "எடுத்துக் கடாசுக்கா. நாலு அரிசி. இதுக்காகவா நிக்கணும்?"

அவ என்னக் கோவமாப் பாத்தா. "நாளைக்கு இந்த வீட்டுக்கு வர்றவளும் புள்ளகுட்டிக்காரிடா. என் புள்ளைக்கு வந்தது வந்தாச்சு. அவ புள்ளைக்கும் எதாவது ஆச்சுன்னா நான் அங்க போயி நிம்மதியா இருப்பனா?"

ஆனா புள்ள நெனப்பு எதத்தான் விட்டு வெக்கும்? ரெண்டு நாள் கழிச்சு அவளே பானைய எடுத்து எங்க வீட்டுல குடுத்துட்டா. விளக்கக் கையால அணைக்க மாட்டேன்னு எண்ணெ தீர்ற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தா. அப்புறந்தான் என் பொண்டாட்டி ராஜாம்பாள் தோள்ல சாஞ்சு அழுதா. மகனுக்குக் கண்ணு போன சேதி வந்தப்ப அழாதவ அவ.

ரெண்டாவது தடவ பரிசோதகர் வந்தாரு. அரிசி இல்ல, உப்பு இல்ல, விளக்கு இல்ல. ஆனா கூடத்துல எங்க அக்காவும் மாமாவும் நின்னாங்க. அவரு எழுதிக்கிட்டாரு. "வீட்டில் இருவர் காணப்பட்டனர்."

"வீட்டுக்காரங்கதானேங்க நாங்க"ன்னாரு மாமா.

"அதுதான் சிக்கல். வீட்டுக்காரர் வீட்டில் இருந்தால் வீடு எப்படிக் காலியாகும்?"

"அப்ப பூட்டிக்கிட்டு மச்சான் வீட்டுக்குப் போயிடுறோம்."

"பூட்டிய வீடு காலி வீடு அல்ல. உள்ளே என்ன இருக்கிறது என்று அரசாங்கத்துக்குத் தெரியாது. கதவு திறந்திருக்க வேண்டும். உள்ளே யாரும் இருக்கக் கூடாது. நான் எப்போது வருவேன் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டேன். சொன்னால் அது பரிசோதனை அல்ல, விருந்து."

கருவடிக்குப்பத்துல அதுக்கப்புறம் ஒரு கூத்து நடந்துச்சு. தெருவே பாத்துச்சு. பகல் முழுக்க வீட்டுக் கதவ விரியத் தொறந்து போட்டுட்டு, ஆடு மாடு உள்ள போயிடாம, எங்க அக்காவும் மாமாவும் எதிர்ல வேலியோரம் நிப்பாங்க. கச்சேரி மூடுற நேரம் ஆனப்புறந்தான் உள்ள போயி வெறும் சிமிட்டித் தரையில படுப்பாங்க. ஐப்பசி மழை. எங்க வீட்டுக்கு வாங்கன்னு நான் கையப் புடிச்சு இழுத்தேன். "நான் அந்தாண்ட போற நேரம் பாத்து அவரு வந்து, நாயி ஒண்ணு உள்ள படுத்திருந்தா அதையும் குடும்பம்னு எழுதிடுவாருடா"ன்னா அக்கா. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. ஆனா அவ சொன்னதுல பொய் இல்ல. அடுத்த தெருவுல ஒரு வீட்டுல கோழி அடைகாத்ததுன்னு சான்றிதழ் குடுக்காமப் போயிட்டாரு.

மழையில நின்னு நின்னு அவளுக்குக் காய்ச்சல் கண்டுச்சு. அப்புறம் நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. டாக்டர் வந்து பாத்துட்டு, ஈரத் தரையில படுக்க வெக்காதீங்க, கட்டில் போடுங்கன்னுட்டுப் போனாரு. எங்க வீட்டுக் கட்டிலத் தூக்கியாரேன்னு கெளம்பினேன். கட்டில் உள்ள வந்தா வீடு காலி இல்லன்னு ஆயிடும்னு அக்கா கையால வழி மறிச்சுட்டா. எங்க வீட்டுக்கும் வரமாட்டேன்னு புடிவாதம். காய்ச்சலோடயே பகல்ல வேலியோரம் போயிக் குந்திக்குவா, மாமா கொடையப் புடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நிப்பாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. மாமாவ இழுத்துக்கிட்டுக் கச்சேரிக்குப் போனேன். அக்காவோட கட்டிலயே குடுங்க, உங்க சாமான்தான் அது, உங்க சோதனைக் கட்டில்தான்னு எழுதிக்கிங்கன்னு கேக்கப் போனோம்.

மத்தியான நேரம். மேலதிகாரி அறையில அக்காவோட தேக்குக் கட்டில் கெடந்துச்சு. அது மேல மேலதிகாரி கெடந்தாரு. மாரியப்பன் மொள்ள எழுப்புனாரு. நாங்க சொன்னத அவரு கண்ண மூடிக்கிட்டே கேட்டாரு.

"தாயின் அருமை எனக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா?"ன்னாரு. "என் தாயார் நோயுற்றபோது மெத்தை மேல் மெத்தையாக மூன்று போட்டேன். கண் கலங்காமல் என்னால் அதைப் பேச முடியாது. ஆனால் என்னைப் பாருங்கள். இந்தக் கட்டிலில் ஒரு நாளாவது நான் சுகமாகத் தூங்கியிருப்பேனா? பொறுப்போடு தூங்குகிறேன். புரண்டு படுக்கும்போதுகூடச் சட்டம் நினைவில் இருக்கிறது. இப்போது கட்டிலை எடுத்துக்கொண்டு போங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் சோதனையை இடையில் முறித்தால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாற்காலி, பீரோ, பில்டர் எல்லாமே. அந்த அம்மாளையே கேட்டுக்கொண்டு வாருங்கள். அவர்கள் விருப்பமே என் விருப்பம்."

அக்காவக் கேட்டோம். அவ மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னா. "மொதல்ல இருந்தா? வேணாண்டா. இந்தக் கப்பலும் போயிடும். தரை ஒண்ணும் பண்ணாது எனக்கு."

அன்னிக்குச் சாயந்திரம் கச்சேரி மூடினப்புறம் மாமாவக் கூடத்துல நடக்க வெச்சா. படுத்தபடியே கைய நீட்டி நீட்டிக் காட்டினா. "இங்க தலமாடு. எறங்குனா பீரோ, கீறல் இருக்கிற கதவு இந்தப் பக்கம். ஈசிச்சேர் செவுத்த ஒட்டக் கூடாது, ஒரு ஆளு போற சந்து விடணும், அவன் அதுலதான் பூந்து வருவான். முக்காலி அங்க." மாமா ஒவ்வொரு எடத்துலயும் போயி நின்னாரு. அவரு தப்பா நின்னப்ப, "இன்னுங் கொஞ்சம் இந்தாண்ட"ன்னு திருத்தினா. வெறும் கூடத்துல அந்த மனுசன் கட்டிலாவும் பீரோவாவும் மாறி மாறி நின்னாரு. நான் வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டிருந்தேன், பாக்க முடியாம வெளிய போயிட்டேன்.

மறுநா விடிஞ்சு பால்காரன் வர்ற நேரத்துக்கு எங்க அக்கா போயிட்டா.

சுடுகாடு பக்கந்தான். ஆம்பளைங்க எல்லாரும் போனோம். பொணம் எடுத்த வீட்ட ராஜாம்பாளும் பக்கத்து வீட்டுப் பொம்பளைங்களும் கழுவி விட்டாங்க. கழுவி முடிச்சுக் குளிக்கக் கெணத்தடிக்குப் போனாங்க, வந்துதான் விளக்கேத்தணும். அந்த இடைவெளியில பரிசோதகர் வந்திருக்காரு. கதவு தொறந்திருக்குது. உள்ள அரிசி இல்ல, உப்பு இல்ல, விளக்கு இல்ல, ஆளு இல்ல. தரையக் கூடக் கழுவி விட்டிருக்குது. அவரு உத்தியோகத்துல அப்படி ஒரு காலி வீட்ட அவரு பாத்ததே இல்லையாம். அங்கயே நின்னு சான்றிதழ எழுதி ஜன்னல்ல சொருகிட்டுப் போயிருக்காரு.

துக்கம் கேக்க மேலதிகாரி நேர்லயே வந்தாரு. குறை சொல்லக் கூடாது, மாலை வாங்கிக்கிட்டு வந்தாரு. தெருச் சனம் கேக்க நின்னுக்கிட்டுப் பேசினாரு.

"நிரந்தரமாகப் போகிறேன் என்று எத்தனையோ பேர் எங்களிடம் வந்தார்கள். யாரை நம்புவது? கடிதம் காட்டுவார்கள், கண்ணீர் விடுவார்கள். எங்கள் காரியாலயத்தில் எல்லா விதிகளையும் ஐயத்துக்கு இடமின்றி நிறைவேற்றியவர் இந்த அம்மையார் ஒருவரே. இதை ஒரு முன்மாதிரியாக மேலே எழுதியிருக்கிறேன். இவர் மனுவை இன்றே அங்கீகரிக்கிறேன்."

நான் அடிக்கக் கைய ஓங்கிட்டேன். மாமாதான் என்னக் கட்டிப் புடிச்சு நிறுத்தினாரு. "வேணாம்பா. சாமான் போவணும். அவ சொல்லிட்டுப் போயிருக்கா"ன்னாரு.

சாமான் போச்சு. பொட்டி கட்டுறப்ப சொந்தக்காரங்க கிட்ட இருக்கக் கூடாதாம், எதாவது சரக்கத் திணிச்சுடுவாங்களாம். கச்சேரிக் கதவச் சாத்திக்கிட்டு அவங்களே கட்டினாங்க. ஆணி அடிச்சு, கயிறு போட்டு, அரக்கு முத்திரை வெச்சு வெளிய தூக்கியாந்தாங்க. மர்சேய் போயிச் சேர்ற வரைக்கும் முத்திரைய ஒடச்சா குத்தம்னு மாமாகிட்ட கையெழுத்து வாங்கினாங்க. சீட்டு அக்கா பேர்ல இருந்ததால, 'மனுதாரரின் உடைமைகளோடு செல்பவர்'னு எழுதி மாமாவயும் அனுமதிச்சாங்க. காரியம் முடிஞ்ச கையோட அவரு கெளம்பினாரு. கடற்கரையில அலை அன்னிக்குப் பெருசு. சலங்குல பொட்டிங்கள அடுக்கி, அதுக்கு நடுவுல குந்த வெச்சாங்க. கப்பலுக்குப் போற வரைக்கும் அவரு ஒரு பொட்டி மேல கைய வெச்சு அழுத்திப் புடிச்சுக்கிட்டே போனாரு.

வெயில் காலம் வந்துச்சு. சுப்ரமணி திரும்ப லீவுல வந்து என் கடையத் தேடி வந்தான். பெஞ்சுல உக்கார வெச்சு, என்னா ஏதுன்னு கேட்டேன்.

"பொட்டியெல்லாம் நான்தாண்ணே கூட நின்னு ஒடச்சேன்"னான். "அம்மா சொன்ன மாதிரி வெக்கிறேன்னு ஒங்க மாமா செவுத்துல சுண்ணாம்புக் கட்டியால கோடு போட்டு வெச்சிருந்தாரு. மொதப் பொட்டியில ஊஞ்சப் பலகை. ரெண்டாவதுல ஒரு தொட்டில், உள்ள கட்டுக் கட்டாக் காகிதம். அப்புறம் பிரம்பு நாற்காலி, 'அஞ்சலாட்சி'ன்னு பேர் போட்ட மேசை. ஒண்ணுகூட உங்க அக்கா வீட்டுது இல்லண்ணே. ஒங்க மாமா தரையில உக்காந்துட்டாரு. கிருஷ்ணசாமிகிட்டச் சொல்லாத, நம்ம சாமான்தான்னு சொல்லிடலாம்னு என் கைய அமுக்கினாரு."

"அப்படியே சொன்னீங்களா?"

"எப்படிண்ணே சொல்றது. அவனுக்குக் கை இருக்குதே. ஒவ்வொண்ணா வந்து தடவினான். தொட்டில ரொம்ப நேரம் தடவினான், புள்ள கடிச்ச பல்லுத் தடம் இருந்துச்சு அதுல. அப்புறம், 'அப்பா, இது யாரு வீட்டுதோ. அவங்க தேடிக்கிட்டிருப்பாங்க. திருப்பி அனுப்பிடுங்க'ன்னான். அவ்வளவுதான் சொன்னான். ஆஸ்பத்திரிக்கே போயிட்டான்."

நான் கடையச் சாத்திட்டு நேராக் கச்சேரிக்குப் போனேன். கூட்டம் முந்திக்கு ரெண்டு பங்கு இருந்துச்சு. மேலதிகாரி எங்க அக்கா ஈசிச்சேர்ல சாஞ்சு, எங்க அக்கா பில்டர்ல எறங்கின காப்பியக் குடிச்சுக்கிட்டிருந்தாரு. பக்கத்துல எங்க பீரோ. நான் கத்தல. கத்துற தெம்பு எனக்கு இல்ல. நடந்ததச் சொல்லி, அந்தச் சாமான் திரும்பி வரணும், எங்க சாமான் போகணும்னேன்.

அவரு கோவப்படல. ரொம்பப் பொறுமையா வெளக்கினாரு.

"நிர்வாகத்தில் ஒரு நாற்காலிக்குப் பதில் இன்னொரு நாற்காலி போவது இயல்பு. எண்ணிக்கை சரியாக இருக்கிறது. ஆனால் திருப்பிக் கொண்டுவருவது சாதாரண விஷயமல்ல. நிரந்தரமாகப் போனதாக நாங்கள் சான்றளித்த உடைமை திரும்பி வந்தால், மனுதாரர் நிரந்தரமாகப் போகவில்லை என்றாகிவிடும். அப்புறம் அந்த அம்மையாரின் வெளியேற்றத்தையே நாங்கள் ரத்து செய்ய வேண்டி வரும். பின்விளைவு தெரியாமல் பேசாதீர்கள். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்."

"யோசிக்க என்னா இருக்குதுங்க"ன்னேன். "ரத்து பண்ணுங்க. எங்க அக்கா வரட்டும்."

அவரு காப்பிய வெச்சாரு. அப்புறம் மாரியப்பனக் கூப்புட்டு, அதுக்கு விதி இருக்குதான்னு பாக்கச் சொன்னாரு.